லேபிள் இல்லாத ஊசி

— எழுந்திரிங்க அத்தை. சத்தம் போடாம, மெதுவா. செருப்பைக் கையில எடுத்துக்கோங்க.

— என்னம்மா நீ, மரத்துப் போற கிரீமைத் தடவி இன்னும் பத்து நிமிஷம்கூட ஆகல. இந்தக் கோலத்துல தெருவுல இறங்கினா, வெள்ளையடிச்ச செவுரு நடந்து போகுதுன்னு வேடிக்கை பாப்பாங்க.

— துடைச்சுக்கலாம். இந்தாங்க என் துப்பட்டா.

— கை கழுவிட்டு வர்றேன்னுதானே போன? போன இடத்துல பேயைப் பாத்துட்டியா? உன் மூஞ்சில ரத்தமே இல்ல.

— கதவு மாறித் தொறந்துட்டேன். உள்ள சமையல்கட்டு. அடுப்பு, பாத்திரம், கொடியில காயப்போட்ட துணி. இது கிளினிக்கே இல்ல அத்தை, யாரோ குடியிருக்கற வீடு. முன்னாடி இந்த ஒரு ரூமுக்கு மட்டும் வெள்ளைத் திரையைத் தொங்கவிட்டு, சாய்வு நாற்காலியைப் போட்டு வச்சிருக்காங்க.

— அதனால என்ன? நானும் வீட்டு முன்ரூம்லதான் பார்லர் ஆரம்பிச்சேன். உன் மாமனார் ஒரு பக்கம் பேப்பர் படிச்சுட்டு இருப்பாரு, நான் இன்னொரு பக்கம் ஒருத்திக்குப் புருவம் எடுத்துட்டு இருப்பேன். அவரு பேப்பருக்கு மேல எட்டிப் பாப்பாரு, அது வேற கதை.

— நான் சொல்றதைக் கேளுங்க. ஃபிரிட்ஜ் கதவு சரியா மூடாம இருந்துச்சு. உள்ள பால், பாதி வெட்டின எலுமிச்சம்பழம், அதுக்குப் பக்கத்துல ஒரு சாப்பாட்டுத் தட்டு. தட்டு நிறைய ஊசி. மருந்தை ஏத்தி, மூடி போட்டு, ரெடியா அடுக்கி வச்சிருக்காங்க. ஒண்ணுலயும் ஒரு எழுத்து இல்ல. என்ன மருந்து, எப்ப ஏத்தினது, யாருக்கு, எதுவும் இல்ல.

— இதுக்கா இப்படிப் பதறிக்கிட்டு வந்த? நம்ம கடையில பெரிய டப்பாவுல இருந்து கிண்ணத்துல எடுத்து வச்சுட்டுத்தானே கஸ்டமரை உக்கார வைக்கிறோம். ஃபேஷியல் கிண்ணத்துல யாரு லேபிள் ஒட்டறா? எல்லாம் முன்கூட்டியே எடுத்து வச்சிருந்தாத்தான் வேலை சுத்தமா நடக்கும். வேலைக்கு வர்ற பொண்ணுங்களுக்கு நான் மொத நாள் சொல்றதே அதுதான்.

— அது தோலுக்கு மேல பூசறது. பிடிக்கலைன்னா கழுவிட்டுப் போயிடலாம். இது உள்ள போறது அத்தை. போனதைக் கழுவ முடியாது.

— அட போம்மா. உனக்கு எதைப் பாத்தாலும் பயம். ஏரோப்ளேன்ல வந்தப்பகூட என் கையைப் பிடிச்சு இறுக்கினதுல வளையல் அச்சு இன்னும் போகல.

— எனக்குப் பயம்தான், இல்லன்னு சொல்லல. கிளம்பறதுக்கு முன்னாடி நம்ம தோல் டாக்டரைப் போய்ப் பாத்தேன். உங்ககிட்ட சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல. அவங்க ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. பொட்டியை உங்க கண் முன்னாடி பிரிச்சு, பாட்டிலை உங்க கண் முன்னாடி தொறந்து, உங்க கண் முன்னாடி ஊசியில ஏத்தாட்டி அந்த நாற்காலியில உக்காராதீங்கன்னாங்க. வெளிநாட்டுல சல்லிசா கிடைக்குதுன்னு போறவங்க பாதிப் பேருக்கு என்ன போட்டாங்கன்னே தெரியாதாம்.

— அவகிட்ட ஏன் போன? அவ கம்பவுண்டர் சம்சாரம் என் கஸ்டமர்தானே. இந்நேரம் தெரு பூரா தெரிஞ்சிருக்கும். பார்லர்க்காரி மூஞ்சிக்கு ஊசி போட்டுக்க வெளிநாடு போயிருக்கான்னு. அதுக்குத்தானே உன் புருஷன்கிட்டகூடப் பார்லர் சாமான் கண்காட்சிக்குப் போறோம்னு பொய் சொல்லிட்டு வந்தேன்.

— டாக்டர்கிட்ட நான் உங்க பேரைச் சொல்லல. என் பேரைத்தான் சொன்னேன்.

— உனக்கா? முப்பது வயசுல உனக்கெதுக்கு ஊசி? அதை அவ நம்பினாளா?

— நம்பினாங்களோ இல்லையோ, பதில் சொன்னாங்க. போலி மருந்துல அளவும் தெரியாது, சரக்கும் தெரியாது. சுருக்கத்துக்குப் போட்ட இடத்துல நிக்காம உடம்புக்குள்ள பரவிச்சுன்னா, பாக்கறது ரெண்டாத் தெரியும், அப்புறம் தொண்டையும் மூச்சும்கூட நின்னு போகும்னாங்க. எழுந்திரிங்க, போகலாம்.

— நீ உக்காரு மொதல்ல. உக்காருன்னு சொல்றேன்ல. நான் எதுக்கு இங்க வந்தேன்னு உனக்குத் தெரியுமா?

— அழகா இருக்கணும்னு.

— அழகாம். உன் மாமனார் போனப்புறம் என் மூஞ்சியைக் கிட்டப் பாக்கறது என் செல்ஃபோன் ஒண்ணுதான், அதுவும் பூட்டைத் தொறக்க. யாருக்காக அழகு? போன மாசம் அந்தக் கண்ணாடிக்கடைக்காரி மக நம்ம கடைக்கு வந்தாளே, ஞாபகம் இருக்கா? நான் அவளைக் கண்ணாடி முன்னாடி உக்கார வச்சு, நெத்தியில லேசாக் கோடு விழுது, வாரம் ஒரு தடவை வந்தா சரியாயிடும்னேன். அவ கண்ணாடியில என்னைப் பாத்தா. தன்னைப் பாக்கல, என்னைப் பாத்தா. ஆன்ட்டி, உங்களுக்கே சரியாகலையேன்னு கேட்டா. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா. வேலை செஞ்சிட்டிருந்த பொண்ணுங்களும் சிரிச்சாங்க.

— அத்தை.

— அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல. வயித்துவலின்னு சொன்னேன். வயித்துல ஒண்ணும் இல்ல. எதிர்ல கண்ணாடி வாசல் வச்சு ஒரு புதுக் கடை வந்திருக்கு, அங்க உக்காந்திருக்கறவ மூஞ்சி பளிங்கு மாதிரி இருக்கு. என் மூஞ்சிதான்மா என் கடைக்கு போர்டு. போர்டு வெளுத்துப் போச்சுன்னா யாரு படியேறுவா? எனக்கும் அழுகை வரும், தெரியுமா உனக்கு?

— தெரியாது. நீங்க அழுது நான் பாத்ததே இல்ல.

— பாக்க விட்டாத்தானே. சரி, கண்ணைத் துடை. என் கண்ணை இல்ல, உன் கண்ணை. காலடிச் சத்தம் கேக்குது. நம்மளைக் கூட்டிட்டு வந்த தமிழ்ப் பொண்ணுதான். வாயை மூடிக்கோ.

— ஆன்ட்டி, எப்படி இருக்கீங்க? கிரீம் வேலை செய்யுதா? உதட்டைக் கிள்ளிப் பாருங்க, வலிச்சா சொல்லுங்க. ரிலாக்ஸா இருங்க, டாக்டர் உள்ள ரெடி பண்ணிட்டிருக்காங்க.

— உதடு இருக்கா இல்லையான்னே தெரியலம்மா. பேசறது நான்தானான்னு சந்தேகமா இருக்கு.

— அதான் கரெக்ட். இன்னும் கொஞ்ச நேரம். அப்புறம் குட்டிக் குட்டியா நாலு ஊசி, ஊருக்குப் போனா மக உங்களை அக்கான்னு கூப்பிடுவா.

— ஒரு நிமிஷம். டாக்டர் உள்ளயா இருக்காங்க? நாங்க வந்தப்ப வழியில வந்துட்டிருக்காங்கன்னு சொன்னீங்க.

— வந்துட்டாங்க சிஸ்டர். பின்பக்கமா வந்தாங்க.

— நான் பின்பக்கம்தான் போயிட்டு வந்தேன். யாரும் இல்ல. அவங்க பேர் என்ன?

— பேர் என்ன சிஸ்டர் பேரு, கைராசியான ஆளு. உங்க ஊர்ல இருந்தே எவ்வளவு பேர் வந்துட்டுப் போயிருக்காங்க. ரிலாக்ஸா இருங்க.

— மருந்துப் பொட்டியை இங்க கொண்டு வாங்க. எங்க முன்னாடி பிரிக்கணும்.

— அது சுத்தமான ரூம்ல ஏத்த வேண்டியது சிஸ்டர். இங்க தூசி இருக்கு.

— சமையல்கட்டுல தூசி இல்லையா?

— என்ன?

— ஒண்ணுமில்லம்மா, அவ அப்படித்தான். சந்தேகப் பிராணி. காய் வாங்கினாக்கூட ஒவ்வொண்ணையும் உடைச்சுப் பாத்துட்டுத்தான் பையில போடுவா. நீ பொட்டியை எடுத்துட்டு வந்து அவ கண்ணுல காட்டிடு. அவ வாயை அடைச்ச மாதிரி இருக்கும், எனக்கும் நிம்மதியா உக்கார முடியும்.

— உங்களுக்காக எடுத்துட்டு வர்றேன் ஆன்ட்டி. வேற யாருக்கும் இப்படிக் காட்டறது இல்ல.

— போயிட்டா. அத்தை, அவ முகம் எப்படி மாறிச்சு பாத்தீங்களா?

— மாறத்தான் செய்யும். என் கடையில வந்து ஒருத்தி டப்பாவைக் காட்டு, டப்பாவைக் காட்டுன்னா என் மூஞ்சியும்தான் மாறும். கொண்டு வந்து காட்டட்டும். நல்ல சரக்கா இருந்தா நீ வாயைத் தொறக்கக் கூடாது. சம்மதமா?

— சம்மதம். சரியில்லன்னா?

— அப்ப பாத்துக்கலாம்.

— இந்தாங்க ஆன்ட்டி, பொட்டி. இந்தாங்க, பாட்டில். ஒரிஜினல் கம்பெனிச் சரக்கு. பாத்துட்டீங்களா? குடுங்க.

— இருங்க. பொட்டியோட மூடி ஏற்கெனவே பிரிச்சு ஒட்டியிருக்கு. அப்புறம் பொட்டியில ஒரு பேட்ச் நம்பர் இருக்கு, பாட்டில்ல வேற நம்பர் இருக்கு. ரெண்டும் ஒண்ணா இருக்கணுமே.

— அது பேக்கிங் பண்றப்ப மாறும் சிஸ்டர். எல்லாக் கம்பெனியிலயும் அப்படித்தான்.

— நான் கம்பெனிக்கே ஃபோன் பண்ணிக் கேக்கட்டுமா? பொட்டியில ஃபோன் நம்பர் போட்டிருக்கு.

— இப்ப அங்க யாரு எடுப்பா? இன்னைக்கு லீவு. சிஸ்டர், நான் சொன்னா நம்புங்க, எவ்வளவோ பேர் நம்பியிருக்காங்க. நீங்க வேணும்னா வெளிய உக்காருங்க. ட்ரீட்மென்ட் எடுத்துக்கறது ஆன்ட்டி. அவங்களே ஒண்ணும் சொல்லல.

— ரெண்டு பேரும் சும்மா இருங்க. பாட்டிலை இப்படிக் குடு. கண்ணாடி இல்லாம எனக்குப் படிக்க வராது, கையில வச்சுப் பாக்கறேன். தேதி எங்கம்மா போட்டிருக்கு?

— அடியில, ஆன்ட்டி. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு.

— இதுவா? ம். ஏம்மா மருமகளே, என் கட்டை விரலைப் பாரு.

— என்ன அத்தை?

— கிரீம் ஒட்டின விரல். சும்மா தொட்டேன், தேய்க்கக்கூட இல்ல. தேதி என் விரலுக்கு வந்துடுச்சு.

— ஆன்ட்டி, அது வந்து, குளிர்ல வச்சு எடுத்தா மை கொஞ்சம் ஈரமா இருக்கும்.

— இருக்கும் இருக்கும். ஏன் இருக்காது.

— அத்தை, போதும். எழுந்திரிங்க.

— நீ கொஞ்சம் சும்மா இரும்மா. தேதியில என்ன இருக்கு? மருந்து மருந்துதான். நான் போட்டுக்கறேன்னுதான் சொல்றேன்.

— என்ன சொல்றீங்க? விரல்ல மையை வச்சுக்கிட்டு இப்படிச் சொல்றீங்களே.

— வாயை மூடுன்னு எத்தனை தடவை சொல்றது? நீ எனக்கு மாமியாரா, நான் உனக்கு மாமியாரா? பொண்ணு, நீ அவ பேச்சைக் கண்டுக்காத. பாட்டிலை எடுத்துக்கோ. ஒரே ஒரு விஷயம். எங்க பாஸ்போர்ட் ரெண்டையும் வாங்கி வச்சியே, அதைக் கொஞ்சம் குடு.

— அது எங்க ஓனர் சார்கிட்ட இருக்கு ஆன்ட்டி. ட்ரீட்மென்ட் முடிஞ்சதும் குடுத்துடுவோம். இங்க அதுதான் வழக்கம்.

— வழக்கம்னா வழக்கம்தான். நான் எதுக்குக் கேக்கறேன்னா, ஓட்டல்ல என் கூட வந்தவங்க நாலு பேர் உக்காந்திருக்காங்க. எங்க ஊர்ல பெரிய இடத்துப் பொம்பளைங்க. கழுத்துல கிடக்கறதைப் பாத்தா உனக்குக் கண்ணு கூசும். நான் போட்டுக்கிட்டு வந்து காட்டினா வர்றேன்னு இருந்தாங்க. இப்ப யோசிச்சுப் பாத்தேன், கையோட கூட்டிட்டே வந்துட்டா டாக்டருக்கும் ஒரே வேலையா முடியும்ல?

— நாலு பேரா? அதை நீங்க முதல்லயே சொல்லலையே.

— நீ கேக்கலையே. ஆனா ஓட்டல்காரன் ரூம் மாத்தணும்னு பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்றான். காட்டலைன்னா சாமானை வெளிய வச்சுடுவானாம். அந்தப் பொம்பளைங்க அதைப் பாத்தா பயந்துடுவாங்க. பயந்தவங்களை நாற்காலியில உக்கார வைக்க முடியுமா? நீயும் இந்தத் தொழில்லதானே இருக்க.

— அப்ப ஒருத்தர் போயிட்டு வாங்க. சிஸ்டர் போகட்டும், நீங்க இருங்க.

— இவளை அனுப்பினா அந்தப் பொம்பளைங்களையும் சேத்துப் பயமுறுத்திடுவா. இவ பேசின பேச்சைப் பாத்தேல்ல?

— அப்ப நீங்க போங்க ஆன்ட்டி. சிஸ்டர் இங்க இருக்கட்டும்.

— எனக்கு இந்த ஊர் பாஷை ஒரு எழுத்து தெரியாதேம்மா. டாக்ஸிக்காரன் என்னை எங்க கொண்டு போய் இறக்குவானோ. இவ வழி காட்டட்டும், நான் பேசறேன். சட்டுனு போயிட்டு சட்டுனு வந்துடறோம். கிரீமைக்கூடத் துடைக்கல பாரு. வந்த உடனே உக்காந்துடுவேன்.

— சாரைக் கேக்கணுமே.

— கேளு. இல்ல, ஒண்ணு செய். சாரையே வரச் சொல்லு, நான் பேசிக்கறேன். நாலு பேர், நாளைக்கு அவங்க தங்கச்சி, மச்சினி, சம்பந்தின்னு எத்தனை பேரோ. சாருக்கு வேணாம்னா எதிர்த்தாப்புல இன்னொருத்தரு இருக்காராமே, அங்கதான் போகணும்.

— ஐயோ ஆன்ட்டி, நீங்க ஏன் அப்படிப் பேசறீங்க? உங்களை நம்ப மாட்டோமா? நீங்க வெறும் கஸ்டமரா எங்களுக்கு? பார்ட்னர் மாதிரி. இருங்க, டிராயர்ல இருந்து நானே எடுத்துட்டு வர்றேன். சாருக்கு அப்புறம் சொல்லிக்கலாம்.

— அத்தை, நீங்க நிஜமாவே...

— பேசாத. என் கையைப் பிடிச்சுக்கோ.

— இந்தாங்க ஆன்ட்டி, ரெண்டும். சீக்கிரம் வந்துடுங்க, கிரீம் வேகம் குறைஞ்சா வலிக்கும்.

— இதோ வந்துட்டேன்னு நினைச்சுக்கோ.

— இந்தப் பக்கம் அத்தை. லிஃப்ட் வேணாம், மாடிப்படியிலயே இறங்கிடலாம். பாத்து, கைப்பிடியைப் பிடிச்சுக்கோங்க. பின்னாடி யாராவது வர்றாங்களா?

— திரும்பிப் பாக்காத. இறங்கு. இன்னும் எத்தனை மாடி?

— ஒண்ணுதான். அத்தை, அந்த நாலு பொம்பளைங்க யாரு?

— யாருக்குத் தெரியும். முப்பது வருஷமா எழுபது வயசுக்காரிகிட்ட வயசே தெரியலைங்கன்னு சொல்லிட்டிருக்கேன். எனக்கு நாலு பொம்பளைங்களை உண்டாக்கத் தெரியாதா?

— நான் நிஜமாவே நீங்க போட்டுக்கப் போறீங்கன்னு நினைச்சேன். பாஸ்போர்ட் அவங்ககிட்ட இருக்கறதையே மறந்துட்டேன்.

— நீ அப்படி நினைச்சதாலதான் அவ நம்பினா. உனக்கு நடிக்க வராது. பொய் சொன்னா காது சிவந்துடும். அதான் உன்கிட்டயும் சேத்துப் பொய் சொன்னேன். அப்பாடா, தெரு வந்துடுச்சு. காத்து மூஞ்சில படுதான்னுகூடத் தெரியல.

— இந்தக் கடை ஓரமா நில்லுங்க, துடைச்சு விடறேன். கண்ணை மூடிக்கோங்க. அத்தை, ஒண்ணு கேக்கட்டுமா?

— கேளு.

— அவ உங்களை பார்ட்னர்னு சொன்னாளே. எதுக்கு?

— சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பா.

— உங்க காது சிவக்காது, அது எனக்குத் தெரியும். ஆனா உங்க கை என் கையை விட்டுடுச்சு. சொல்லுங்க.

— திட்டக் கூடாது.

— சொல்லுங்க அத்தை.

— போன மாசம் அவ ஃபோன்ல பேசறப்ப, ஊசி போட்டுக்கறதோட ஏன் நிறுத்தறீங்க, உங்க கடையிலயே போட ஆரம்பிச்சுடுங்களேன்னா. மருந்தை நாங்க அனுப்பறோம், போடற விதத்தை இங்க வந்தப்ப சொல்லித் தர்றோம், ஒரு நாள்ல பழகிடலாம்னா. எதிர்க்கடையில இல்லாத ஒண்ணு நம்ம கடையில இருந்தா எப்படி இருக்கும்னு நினைச்சேன். ஆசைதான். பேராசைன்னே வச்சுக்கோ.

— அனுப்பிட்டாங்களா?

— ஊருக்குத் திரும்பின ஒருத்தர் மூலமா ஒரு பொட்டி குடுத்தனுப்பினா. நம்ம கடை ஃபிரிட்ஜ்ல, கீழ்த்தட்டுல இருக்கு. கத்தாழைச் சோறு வைக்கற டப்பாவுக்குப் பின்னாடி.

— கடவுளே. அது யாருக்குத் தெரியும்?

— என் பொண்ணு சின்னுவுக்கு மட்டும். கடையைப் பாத்துக்கறவ அவதானே, அவகிட்ட மறைக்க முடியுமா? ஆனா நான் வர்ற வரைக்கும் கஸ்டமர் யாருக்கும் போடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் வந்தேன். நான் அவ்வளவு கெட்டவ இல்லம்மா. புதுசா ஒரு கிரீம் வந்தாலும், ஒரு சாயம் வந்தாலும், என் தோல்ல போட்டுப் பாக்காம இதுவரைக்கும் ஒருத்தி மேலயும் நான் வச்சது இல்ல. அதான் இந்த நாற்காலியில மொதல்ல நான் உக்காந்தேன்.

— அதே பாட்டிலா?

— அதே பொட்டி. அதே படம். அதே மூடி.

— வீடியோ கால் போடுங்க. இப்பவே. சின்னுகிட்ட அந்தப் பொட்டியைத் தூக்கித் தனியா வைக்கச் சொல்லுங்க. குப்பையில போட வேணாம், யாராவது எடுத்துடுவாங்க. நாம போய் மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீஸ்லயே குடுத்துடலாம்.

— என்னைப் பிடிச்சு உள்ள வச்சா?

— வைக்கட்டும். அதை அப்புறம் பாத்துக்கலாம். போடுங்க.

— ரிங் போகுது. எடுக்க மாட்டேங்கறாளே. ம், எடுத்துட்டா. சின்னு, என்னடி இவ்வளவு நேரம்? தூங்கறியா?

— இல்லம்மா, கடையிலதான் இருக்கேன். ஏம்மா உன் மூஞ்சி இப்படிச் சிவந்திருக்கு? போட்டுக்கிட்டியா? எப்படி இருக்கு?

— போட்டுக்கல. நீ கேளு. அந்த ஃபிரிட்ஜ்ல வச்ச பொட்டி இருக்குல்ல, அதை யாரும் தொடாம எடுத்துப் பூட்டி வை. மோசமான சரக்குடி. யாருக்காவது போட்டியா? என் மேல சத்தியமாச் சொல்லு.

— கஸ்டமர் யாருக்கும் போடலம்மா. நீதான் சத்தியம் வாங்கினியே. ஒருத்தர் மேலயும் வைக்கல.

— அப்பாடி. என் வயித்துல பாலை வார்த்த. பாத்தியாம்மா மருமகளே, என் பொண்ணு என் பேச்சைத் தட்ட மாட்டா. நான் இங்க அப்படியே கடைப்படியில உக்காந்துக்கறேன்.

— உக்காருங்க அத்தை. ஃபோனை என்கிட்ட குடுங்க. சின்னு, நான் அண்ணி பேசறேன். உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? மூக்கால பேசற மாதிரி.

— சளி பிடிச்சிருக்கு போல அண்ணி. காலையில இருந்து தண்ணி குடிச்சா மூக்கு வழியா வருது. சிரிப்பா இருக்கு.

— பொட்டியில எல்லா பாட்டிலும் இருக்கா?

— ஒண்ணு இல்ல.

— யாருக்குப் போட்ட?

— திட்டாதீங்க அண்ணி. அம்மா வர்றப்ப நானும் கத்துக்கிட்டு ரெடியா இருந்தா சந்தோஷப்படுவாங்கன்னு நினைச்சேன். வீடியோவுல பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். அம்மா எப்பவும் சொல்லுவாங்கல்ல, அடுத்தவங்க மேல வைக்கறதுக்கு முன்னாடி நம்ம மேல வச்சுப் பாக்கணும்னு. முந்தாநேத்து எனக்கே போட்டுக்கிட்டேன். நெத்தியில மட்டும்தான்.

— என்னம்மா சொல்றா அவ? ஃபோனைக் குடு, என் பொண்ணு என்ன சொல்றா?

— அத்தை, நீங்க இதைப் பிடிச்சு அவகிட்ட பேசிக்கிட்டே இருங்க. நிறுத்தாதீங்க. நான் என் ஃபோன்ல உங்க பிள்ளையைக் கூப்பிடறேன். சின்னு, எழுந்துக்காத, சாப்பிடாத, குடிக்காத. அந்தப் பொட்டி பக்கத்துல இருக்கட்டும், ஆஸ்பத்திரியில காட்டணும். ஹலோ, என்னங்க, மாடியிலதானே இருக்கீங்க? கீழ கடைக்கு ஓடுங்க. காரணம் அப்புறம் சொல்றேன். சின்னுவைத் தூக்கிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. போலி ஊசி போட்டுக்கிட்டா, முழுங்க முடியலன்னு சொல்லுங்க. ஓடுங்க.

— சின்னு. தங்கம். அம்மாவைப் பாரு. கண்ணை ஏண்டி பாதி மூடியிருக்க? நல்லாத் தொற. நான் திட்ட மாட்டேன். தப்பு என்னுதுடி, எல்லாம் என்னுது.

— தொறந்துதான்மா இருக்கேன். இமைதான் கனமா இருக்கு. நீ ஏன் அழற?

— நான் அழல. வாசலைப் பாருடி கண்ணு, அண்ணன் வர்றானா? படியில இறங்கற சத்தம் எனக்கே கேக்குது. வந்துட்டானா?

— வந்துட்டான்மா. ஆனா ஏன் ரெண்டு அண்ணன் வர்றாங்க?